வளைவில் அடிக்கும் ஹாரன்

டிப்போவில் அவரை எல்லோரும் 'ரைட் டைம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது சம்பளப் பட்டியலோடு சரி. பஸ் ஓட்ட வந்த நாளிலிருந்து மனுஷர் முந்தியும் போனதில்லை, பிந்தியும் போனதில்லை. அடைமழையில் ஊரே முழங்கால் தண்ணீரில் நின்ற அன்றைக்கும் கடைசி நிறுத்தத்துக்குச் சரியான நேரத்தில் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, இறங்கி, டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாராம். யாராவது கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தால் பக்கக் கண்ணாடியில் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கியரைப் போடுவார். "டைம்னா டைம்" என்பார். அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், அதற்காகவே நாலு போடலாம் போலிருக்கும்.

கெட்ட மனுஷர் என்று நினைத்துவிடாதீர்கள். கண்டக்டரின் மனைவிக்கு ஆபரேஷன் என்றபோது முதல் ஆளாகப் போய் ரத்தம் கொடுத்தவர். காக்கிச் சட்டையைத் தானே துவைத்து, தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். அவருக்கு இருந்த ஒரே வியாதி, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது. அந்த நாலு பேர் யார், எங்கே குடியிருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. ஆனால் வாழ்நாளெல்லாம் அவர்களுக்குப் பயந்தே வண்டி ஓட்டினார்.

அவருக்கு ஒரே பையன். ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தான். கூட்டாளிகள் பேச்சைக் கேட்டு ஒரு நாள் பூட்டைத் திறந்துவிட்டான். சரக்கு வெளியே போகும்போது காவலாளி குறுக்கே வந்தார், யாரோ தள்ளினார்கள், அவர் மண்டை உடைந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் ஒரு கை விளங்காமல் போயிற்று. தள்ளியது பையன் இல்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். பூட்டைத் திறந்தது அவன்தானே என்று அப்பா ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

போலீஸ்காரர்கள் அவனை ஜீப்பில் ஏற்றியபோது தெருவே வாசலில் நின்றது. ஏறுவதற்கு முன் பையன் திரும்பி, "அப்பா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நம்ம ஆள் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் ஜீப்வரைக்கும் கேட்டிருக்கும்.

மறு மாதமே வீட்டைக் காலி பண்ணி, நகரத்தின் இன்னொரு மூலைக்குக் குடிபோனார்கள். டிப்போவில் கேட்டவர்களிடம், "பையன் வெளியூர்ல வேலையா இருக்கான்" என்றார். யாரும் துருவிக் கேட்கவில்லை.

ஆனால் தலையெழுத்து என்று ஒன்று இருக்கிறதே. அடுத்த வருஷம் டிப்போவில் ரூட் மாற்றினார்கள். இவருக்கு விழுந்தது 'ஜெயில் பஸ்'. மார்க்கெட்டில் கிளம்பி, பெரிய ஆஸ்பத்திரி வழியாக, ஊரைத் தாண்டி, சிறைச்சாலை மதிலை ஒட்டி ஒரு வளைவு வளைந்து, வாசலைக் கடந்து, கொஞ்சம் தள்ளி ஒரு திடலில் முடிகிற வண்டி. பையன் இருந்தது அந்தச் சிறையில்தான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதைச் சொல்வதற்கு ஓட்டியே தொலைக்கலாம் என்று ஓட்டினார்.

ஆக, பெற்ற பிள்ளை இருக்கிற மதிலை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கடந்துபோகிற அப்பா, ஒரு தடவைகூட உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பார்க்க அனுமதி ஞாயிற்றுக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை இவருக்கு டூட்டி. மாற்றிக்கொள்ள முடியாத டூட்டியா? கேட்டால் யாரும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். இவர் கேட்கவில்லை.

அம்மா போனாள். எந்த வண்டியில் போனாள் என்கிறீர்கள்? இவருடைய வண்டியில்தான். வேறு வண்டி கிடையாது. மார்க்கெட்டில் ஏறி, டிக்கெட் வாங்கிக்கொண்டு, பின்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொள்வாள். கண்டக்டருக்கு அவள் யாரென்று தெரியாது. இவர் கண்ணாடியில் அவளைப் பார்ப்பார். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பாள். காலையில் ஒரே வீட்டில் காபி குடித்துவிட்டு வந்த இரண்டு பேர், பஸ்ஸில் யாரோ எவரோ.

அந்த வண்டியில் ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறவர்களில் பாதிப் பேர் சிறைக்குப் போகிற பெண்கள். முகத்தைப் பார்க்கக் கூசி, பையைப் பார்த்தே அவர்களை அவர் தெரிந்துவைத்திருந்தார். பச்சைப் பை, கோடு போட்ட பை, காது அறுந்த பை. பதிவு ஜன்னல் மணியடித்ததும் மூடிவிடும். வண்டி போய்ச் சேருவதற்கும் மணி அடிப்பதற்கும் நடுவே நூலிழை இடைவெளிதான். "டிரைவரய்யா, வாசல்லயே ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன்" என்று பச்சைப் பைக்காரி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அவளுடைய கணவன் உள்ளே இருந்தான்.

"ஸ்டாப்பிங் திடல்லதாம்மா" என்பார் நம்ம ரைட் டைம்.

திடலில் இறங்கி எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குத் திரும்பி ஓடுவார்கள். அவர்களோடு அவருடைய மனைவியும் ஓடுவாள். ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு அதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நடுவில் ஒரு சம்பவம். வண்டியில் ஹாரன் கெட்டுப்போயிற்று. அந்த மதில் வளைவு பொல்லாத வளைவு, எதிரே வருவது தெரியாது. ஹாரன் அடிக்காமல் திரும்பக் கூடாது என்பது விதி. ஒரு வாரம் அலையவிட்டுத்தான் மெக்கானிக் சரிபண்ணிக் கொடுத்தார். அவரோடு இவர் போட்ட சண்டை டிப்போவில் பிரசித்தம். அதே வாரக் கடைசியில்தான் மனைவி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"அவன் சரியாவே இல்லைங்க. நாலு நாளா சாப்பிடலையாம். அப்பா ஏன் வரலன்னான். டூட்டின்னு சொன்னேன். பேசிட்டிருக்கும்போதே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்."

இவர் எழுந்துபோய் மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து மனைவிக்குக் கணுக்கால் முறிந்தது. காலில் கட்டு. அந்தச் சமயம் பார்த்துப் பையனின் மூக்குக்கண்ணாடி உடைந்துபோயிருந்தது. அவள் புதிதாக ஒன்று செய்துவைத்திருந்தாள். சனிக்கிழமை சாயந்திரம் அந்தக் கண்ணாடிக் கூட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நாளைக்கு நீங்க போறீங்க."

"நாளைக்கு எனக்கு…"

"டூட்டின்னு சொன்னீங்கன்னா நான் தவழ்ந்தே போயிடுவேன். உங்க பஸ்லயே ஏறுவேன். கண்டக்டர்கிட்ட சத்தமா சொல்லித்தான் டிக்கெட் எடுப்பேன்."

செய்யக்கூடியவள்தான். அவர் வாயை மூடிக்கொண்டு, டைம்கீப்பருக்குப் போன் போட்டு, சொந்த வேலை என்று லீவு சொன்னார். ரைட் டைமுக்கு லீவா என்று அந்தப் பக்கம் நம்பவே இல்லை.

காக்கி இல்லாமல், ஒரு வெள்ளைச் சட்டையில், தன் வண்டியில் தானே டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார். ஓட்டியவன் அவரிடம் தொழில் படித்தவன். 'ஒல்லி' என்று கூப்பிடுவார்கள். குரு பின்னால் உட்கார்ந்திருக்கிறாரே என்று பயந்து, அவரைப்போலவே பிசகாமல் ஓட்டினான். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒருத்தி கை காட்டிக்கொண்டு ஓடிவந்தாள். ஒல்லி கண்ணாடியில் பார்த்தான். கியரைப் போட்டான். ரைட் டைமுக்குக் காது சூடாயிற்று.

வண்டி சிறை வாசலைக் கடந்து திடலுக்குப் போனது. இறங்கினதும் பெண்கள் ஓடினார்கள். இவரும் ஓடினார். இத்தனை வருஷம் பெடலை மிதித்த முழங்கால், ஓடச் சொன்னால் எங்கே கேட்கும்? பாதியில் மூச்சு வாங்கி நின்றார். பச்சைப் பைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"அட, டிரைவரய்யா. என்ன, இன்னைக்கு எங்ககூட ஓடறீங்க? வண்டி உங்கள விட்டுட்டுப் போயிடுச்சா?"

கேலிதான், ஆனால் அதில் விஷம் இல்லை. அதனாலேயே அவருக்கு இன்னும் வலித்தது.

"ஒருத்தருக்குக் கண்ணாடி கொடுக்கணும்மா."

"யாருக்கு?"

"தெரிஞ்சவங்க பையன்" என்றார்.

சொன்ன அந்த வாயைக் கிழித்துப்போடலாம் போல அவருக்கே இருந்தது. ஆனால் சொல்லிவிட்டார். நாலு பேரில் ஒருத்தி எதிரே நிற்கிறாளே.

வரிசையில் அவருக்கு முன்னால் கோடு போட்ட பை, பின்னால் பச்சைப் பை. ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் தலையைத் தூக்காமல், "பாக்க வந்த ஆளுக்கு என்ன உறவு?" என்றார்.

"கண்ணாடி கொடுக்கத்தான்…"

"ரத்த உறவுக்குத்தான் அனுமதி. என்ன உறவு?"

அவர் உதடு அசைந்தது.

"சத்தமா சொல்லுங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேக்கல."

"அப்பா" என்றார் ரைட் டைம். குரல் அவரையும் மீறி வந்துவிட்டது. முன்னால் இருந்தவள்கூடத் திரும்பிப் பார்த்தாள். பச்சைப் பைக்காரி மட்டும் பார்க்கவில்லை. குனிந்து, நன்றாகவே இருந்த பையின் முடிச்சை அவிழ்த்து, மறுபடி முடிந்துகொண்டிருந்தாள். மணி அடிப்பதற்குள் எல்லோரையும் உள்ளே விட்டார்கள்.

நீளமான அறை. நடுவே தடித்த கண்ணாடி. இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், ஒரு போன். அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், ஒரு போன். கண்ணாடியின்மேல் யார் யாரோ விரல் வைத்த தடம். பையன் வந்து உட்கார்ந்தான். முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. தன் அப்பாவின் நெற்றியை இவர் அங்கே பார்த்தார். இருவரும் ரிசீவரை எடுத்தார்கள்.

"அம்மாவுக்கு என்னாச்சு?" என்றான் பையன்.

"கால்ல அடி. பயப்படற மாதிரி இல்ல. கண்ணாடி கொடுத்தனுப்பினா. ஜன்னல்ல கொடுத்திருக்கேன்."

"இன்னைக்குக் காலைல உங்க ஹாரன் கேக்கல. உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்."

"என்ன ஹாரன்?"

பையன் சிரித்தான். ஒரு பக்கப் பல் போயிருந்தது.

"வளைவுல அடிப்பீங்களே. நீளமா ஒண்ணு, குட்டையா ஒண்ணு. துணி துவைக்கிற கொட்டகை மதிலை ஒட்டித்தான் இருக்கு. அங்கதான் எனக்கு வேலை. மத்தவங்க எல்லாம் எப்படியோ அடிக்கிறாங்க. உங்க கை எனக்குத் தெரியாதாப்பா? சின்ன வயசுல நம்ம தெருப் பக்கமா வண்டி வந்தா எனக்காக அடிப்பீங்க, நான் மாடிக்கு ஓடுவேன். அதே ஹாரன்தான்."

ரைட் டைமுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் பிள்ளைக்காக ஆசையாக அடித்துப் பழகிய கை, பிறகு எந்த வளைவு வந்தாலும் அதே மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. கைக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. மனுஷர்தான் மறந்துபோனார்.

"நீங்க உள்ள வரலன்னு அம்மா வருத்தப்படுவாங்க. எனக்கு வருத்தமே இல்ல" என்றான் பையன். "தினமும் வந்து ஒரு குரல் கொடுத்துட்டுத்தானே போறீங்க. நடுவுல ஒரு வாரம் அடிக்கல பாருங்க, அப்பத்தான் நிஜமாவே கைகழுவிட்டீங்கன்னு நினைச்சுட்டேன். சோறே எறங்கல."

"ஹாரன் ரிப்பேரு" என்றார்.

அது உண்மை. அதற்கு முன்னால் சொல்லவேண்டியிருந்த உண்மையை அவர் மென்று முழுங்கினார்.

"எனக்காகத்தானேப்பா அடிக்கிறீங்க?"

அவர் தலையாட்டினார். வாயைத் திறந்து பொய் சொல்லக்கூடத் தைரியம் இல்லை, தலையை மட்டும் ஆட்டினார். நேரம் முடிந்தது என்று காவலர் வந்து பையனின் தோளைத் தொட்டபோது, அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அப்படி இருந்ததற்காக வீடு வந்து சேரும்வரை தன்னையே திட்டிக்கொண்டார்.

வீட்டில் மனைவி ஒன்றுவிடாமல் கேட்டாள். ஹாரன் கதையைச் சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது.

"என்கிட்டகூட நீங்க சொல்லலையே. நான்தான் உங்களக் கல்லுளிமங்கன்னு நெனச்சுட்டேன்."

"அது வளைவுக்குடி" என்றார்.

"என்னது?"

"ஹாரன். வளைவுக்காக அடிச்சது. விதி. அவனுக்காக இல்ல. அந்த எடம் வந்தா நான் மதில் பக்கம் திரும்பக்கூட மாட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அவன்கிட்ட சொல்லித் தொலைச்சுடாதீங்க" என்றாள் கடைசியில். "அவனுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

அந்த வாரம் அவர் வண்டி ஓட்டியதை ஓட்டினார் என்று சொல்ல முடியாது. வளைவு நெருங்கும். ஹாரனை அமுக்குவார். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. உள்ளே ஒருத்தன் துணியைப் பிழிந்தபடி சிரித்துக்கொண்டிருப்பான் என்று தோன்றும். இப்போது அடிப்பது வளைவுக்கா, அவனுக்கா, இல்லை இத்தனை வருஷம் ஏமாற்றியது தெரிந்துவிடக் கூடாது என்பதற்கா? அவருக்கே விளங்கவில்லை. செய்யாத ஒன்றுக்குப் பையன் நன்றி சொல்லிவிட்டான். செய்த காரியத்துக்கு, அந்தத் தாழ்ப்பாளுக்கு, ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரு நாள் மதிலைப் பார்த்துக்கொண்டே போய், திடலுக்கு நேரம் தப்பி வந்து சேர்ந்தார்.

"அண்ணே, லேட்" என்றார் கண்டக்டர், தேதியைக் குறித்துவைக்கவேண்டிய விஷயம் என்கிற மாதிரி.

"ஆமா, லேட்" என்றார் ரைட் டைம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்கப் போனார். டைம்கீப்பர், "மறுபடியும் சொந்த வேலையாண்ணே?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தார். தலையாட்டுவதுதான் அவருக்கு நன்றாகப் பழகிவிட்டதே.

மனைவி ஊன்றுகோலோடு கிளம்பினாள். மார்க்கெட்டில் ஏறும்போது அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். பெண்கள் பக்கத்தில் அவள் உட்கார, பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் வாயைப் பிளந்து பார்த்தார்.

"என் சம்சாரம்" என்றார். "இத்தன வருஷமா உங்ககிட்டதான் டிக்கெட் எடுத்துட்டு வர்றா."

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஓட்டியது ஒல்லிதான். ஆஸ்பத்திரி தாண்டியது. ஊர் முடிந்தது. தூரத்தில் மதில் தெரிந்தபோது ரைட் டைமுக்குச் சுருக்கென்று ஒன்று தைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஹாரன் கேட்கவில்லை என்று பயந்தவன் இன்றைக்கும் பயப்படுவானே. ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கொட்டகைப் பக்கம்தான் காதை வைத்துக்கொண்டு இருப்பான். கம்பியைப் பிடித்துப் பிடித்து, தடுமாறி, முன்னால் போனார்.

"ஒல்லி, வளைவுல ஹாரன் அடிப்பா."

"அடிப்பேண்ணே, நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே."

"அது இல்ல. நீளமா ஒண்ணு, குட்டையா ஒண்ணு அடி."

"எதுக்குண்ணே? எப்பவும் போல அடிச்சாப் போதாதா?"

பஸ் முழுக்க ஆள். கண்டக்டர், பச்சைப் பை, கோடு போட்ட பை, மார்க்கெட் வியாபாரிகள். நாலு பேர் இல்லை, நாற்பது பேர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் பையன் உள்ள இருக்கான். கேட்டுட்டிருப்பான்" என்றார்.

ஒல்லி ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஹாரனை அமுக்கினான். நீளம் கொஞ்சம் கூடிப்போயிற்று, குட்டை ரொம்பக் குட்டையாகிவிட்டது. பிறகு யாரும் கேட்காமலே சிறை வாசலில் வண்டியை நிறுத்தினான். பெண்கள் இறங்கினார்கள். அன்றைக்கு யாரும் ஓடவேண்டியிருக்கவில்லை.

பையன் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தான். அம்மாவோடு பேசி முடித்ததும் அவள் ரிசீவரை இவரிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது அவர் முழங்கையை ஒரு அழுத்து அழுத்தினாள். சொல்லிவிடாதீர்கள் என்று அர்த்தம்.

"இன்னைக்கு ஹாரன் கேட்டுச்சுப்பா" என்றான். "ஆனா யாரோ அடிச்ச மாதிரி இருந்துச்சு."

"யாரோதான் அடிச்சாங்க. நான் சொல்லி அடிச்சாங்க. நீ கேட்டுட்டிருப்பேன்னு சொன்னேன்."

"பஸ்லயா? எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா."

பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான். அவனுடைய அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க இவருக்குத் தாங்கவில்லை. இன்னொரு தலையாட்டலில் இது முடிந்துவிடும். வீட்டுக்குப் போய்விடலாம்.

"இதுக்கு முன்னாடி அடிச்சதெல்லாம் உனக்காக இல்லப்பா" என்றார். "வளைவுக்காக அடிச்சது. போன வாரம் நீ கேட்டப்போ பொய்யாத் தலையாட்டிட்டேன். அன்னைக்கு ஜீப்ல ஏறும்போது நீ கூப்பிட்டே. கேட்டுச்சு. கேட்டுத்தான் கதவைச் சாத்தினேன். தப்புப் பண்ணிட்டேன்."

மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பையனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர் கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்று ஸ்டூலின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவன் எழுந்து போய்விடுவான் என்று காத்திருந்தார். போனால் அது நியாயம்தான்.

பையன் எழுந்திருக்கவில்லை. காவலர் நேரம் முடிந்தது என்று சொல்லும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். ரிசீவரை மட்டும் கீழே வைக்கவில்லை.